வாப்பா தவறவிட்ட காய்கள்

மிளகு வாங்க வந்தவர் மிளகைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. உக்குவளையில் எங்கள் வீட்டுக்கு மிளகு வாங்க வருகிறவர்கள் வந்ததும் வராததுமாகச் சாக்குக்குள் கைவிட்டு அள்ளி, ஒன்றை வாயில் போட்டுக் கடித்து, சரியாகக் காயவில்லை என்று குறை சொல்வார்கள். யட்டவத்தையிலிருந்து மாமா கூட்டிவந்த இந்த இளைஞரோ சாக்கைத் தாண்டிப்போய்க் கதிரை நுனியில் உட்கார்ந்து, உம்மா கொடுத்த வட்டிலப்பத்தைத் தலைகுனிந்தபடி சாப்பிட்டார். மிளகுக்காரருக்கு வட்டிலப்பம் எதற்கு? பெருநாளா வந்துவிட்டது?

அவர் என் அக்கா, ராத்தாவைப் பெண் பார்க்க வந்தவர் என்று என்னிடம் யாரும் மூச்சுவிடவில்லை. அப்போது எனக்கு எட்டு வயது. என் காதில் விழுந்தது பின்னேரத்துக்குள் தெருக்கோடிவரை போய்விடும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இதற்கு முன் ஒருவர் வந்துபோனபோது, தேத்தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே திரும்பும் நேரத்துக்குள் ஒரு மனிதரை எப்படித் தெரிந்துகொள்வது என்று ராத்தா அழுதிருக்கிறாள். "அவர்ட கால் விரல மட்டும்தான் கண்டேன் வாப்பா" என்றாளாம். இதெல்லாம் நான் வளர்ந்த பிறகு கேள்விப்பட்டவை.

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகுதான் கெரம் போட் அலுமாரிக்கு மேலிருந்து இறங்கும். நாங்கள் நாலு பேரும் சுற்றி உட்கார்ந்தால் மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்வரை எழும்ப மாட்டோம். அந்த நேரம்தான் எனக்கு வாரத்திலேயே பிடித்த நேரம். ஆட்டத்தில் வாப்பாவிடம் தயவு தாட்சண்யம் கிடையாது. நான் அழுதாலும், காயைப் போட்டுவிட்டுத்தான் என் கண்ணீரைத் துடைப்பார். அப்படிப்பட்டவர் அன்று, வெள்ளிக்கிழமைகூட இல்லாத நாளில், தானே போட்டை இறக்கிப் பவுடர் தூவினார். ஜன்னலோரம் நல்ல வெளிச்சமிருக்க, விருந்தாளியை அறைத் திரைக்கு நேர் எதிரே உட்கார வைத்தார்.

ஆட்டம் தொடங்கியதும் குழி வாயில் நின்ற காயை வாப்பா தவறவிட்டார். அடுத்ததையும் தவறவிட்டார். குசினிக்கு ஓடி, "வாப்பாட கண்ணுல என்னமோ கோளாறு ஈக்கி உம்மா" என்றேன்.

"நீ சும்மா இரு" என்று உம்மா அந்தப்பக்கம் திரும்பிச் சிரித்தார். அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது.

திரும்பி வந்தால், மரியாதைக்கோ பயத்துக்கோ அந்த ஆளும் தவறவிட்டுக்கொண்டிருந்தார். இப்படி மாறி மாறித் தவறவிட்டால் ஆட்டம் எப்போது முடியும்? வாப்பாவோ அவசரமே இல்லாமல், என்ன படித்தார், சமைக்கத் தெரியுமா, கோபம் வந்தால் என்ன செய்வார் என்று அடுத்த வீட்டுக்கே கேட்கும்படி விசாரித்துக்கொண்டிருந்தார். மிளகு வாங்குகிறவருக்குக் கோபம் வந்தால் நமக்கென்ன? ஆள் வாப்பாவை எப்படியோ மயக்கிவிட்டார், மிளகை அடிமாட்டு விலைக்கு அள்ளிக்கொண்டு போகப்போகிறார் என்று முடிவு கட்டினேன்.

வாப்பா இன்னொரு காயையும் கோட்டை விட்டதும் எனக்குப் பொறுக்கவில்லை. நடுவில் புகுந்து ஸ்ட்ரைக்கரைப் பறித்து, மிச்சமிருந்த சிவப்பையும் வெள்ளையையும் குழியில் போட்டு ஆட்டத்தை முடித்துவைத்தேன்.

யாரும் மெச்சவில்லை. ஆட்டம் முடிந்தபின் அங்கே உட்கார்ந்திருக்க அவர்களுக்குக் காரணமுமில்லை. மாமா எழுந்தார். அந்த இளைஞரும் எழுந்து ஸலாம் சொல்லிவிட்டு, வாசலில் செருப்பைத் தேடினார். வாப்பா மெல்லத் திரையருகே போய், "போதுமா மகள்?" என்று கேட்டார்.

திரைக்குப் பின்னாலிருந்து ராத்தாவின் குரல் வந்தது. "இன்னொரு ஆட்டம் ஆடச் சொல்லுங்களே வாப்பா."

வாப்பா வாசலுக்கு ஓடினார். "ஒரு ஆட்டத்துல என்ன தெரியும்? வாங்க மகன்" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் அந்த ஆள் மாட்டிய செருப்பைக் கழற்றிவிட்டார்.

உம்மா என்னைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டுபோய் வெள்ளைப்பூண்டு உரிக்க உட்கார்த்தினார். காய்கள் குழியில் விழாமல் சட்டத்தில் மோதும் சத்தம் அங்கேயும் கேட்டது. பாவம், வாப்பா மறுபடியும் தோற்கிறாரே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துத் திரைக்குப் பின்னால் ராத்தா சிரித்தாள். பெற்ற வாப்பா தோற்கும்போது ஒருத்திக்குச் சிரிப்பு வருமா என்று, அன்று முழுக்க நான் அவளோடு பேசவில்லை.