தப்பு விடைகளைக் காத்தவர்

எஸ்தர் டீச்சர் போய்விட்டார் என்று செவ்வாய்க்கிழமை காலை போனில் சொன்னவள் அவருடைய பழைய மாணவி. சாலைக் கடைத்தெருவில் அரிசி வாங்க நின்றிருந்தேன். போனை வைத்துவிட்டு, எதற்கு வந்தேன் என்பதே மறந்து, கடைக்காரரிடம் உளுந்து கேட்டேன். டீச்சரோடு வேலை பார்த்தவர்களுக்கும் அவரிடம் படித்தவர்களுக்கும் நான் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இத்தனை வருஷம் சொல்லாததற்கு என் வெட்கம்தான் காரணம்.

அவர் உளவியல், நான் இயற்பியல். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் எங்கள் கல்லூரிக்கு ஆறு கம்ப்யூட்டர் வந்தது. செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் அந்த அறைக்குள் போக வேண்டும். பிள்ளைகள் கைடில் வரிக்கு வரி கோடு போட்டுப் பத்துத் தடவை வாசிப்பார்கள், பரீட்சையில் முழிப்பார்கள். "வாசிச்சா எல்லாம் தெரிஞ்ச மாதிரி இருக்கும் சார். புஸ்தகத்தெ மூடிட்டுக் கேட்டாத்தான் உள்ளது வெளியெ வரும்" என்பார் டீச்சர். அவர் சொல்லச் சொல்ல நான் ஒரு புரோகிராம் எழுதினேன். திரையில் கேள்வி வரும். தப்பாகச் சொன்னால் அதே கேள்வி இரண்டு நாளில் திரும்ப வரும். சரியாகச் சொன்னால் அடுத்த வாரம், பிறகு அடுத்த மாதம். யார் என்றைக்கு வந்தார், எதைத் தப்பாகச் சொன்னார் என்பதெல்லாம் ரோல் நம்பரோடு பதிவாகும். அந்தப் பதிவை வைத்துத்தான் டீச்சர் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தார்.

முதல் நாளே பிள்ளைகளிடம் சொல்லிவிட்டார்: "இங்கெ எத்தனை தப்பு வேணும்னாலும் பண்ணலாம். என்னைத் தவிர ஒருத்தரும் பாக்க மாட்டாங்க." 'தெரியாது' என்று அமுக்கக் கூசியவர்கள் மெல்ல மெல்லக் கூசாமல் அமுக்கினார்கள். இரண்டு வருஷம் அப்படி ஓடியது.

நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. ஸ்டாஃப் ரூமில் பீற்றிக்கொண்டேன்: "எந்தப் பையன் எத்தனை நாள் டிமிக்கி குடுத்தான்னு தேதியோட சொல்லிடுவேன்." அது முதல்வர் காதுக்குப் போயிற்று. மறுநாள் பெற்றோர் கூட்டம். படிக்காதவர்களின் பட்டியல் நாலு மணிக்குள் தன் மேஜைக்கு வர வேண்டும், அவர்களுக்கு ஹால் டிக்கெட் கிடையாது என்று சொல்லி அனுப்பினார்.

அப்போது மணி மூன்றரை. டீச்சர் கம்ப்யூட்டர் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார்.

"எல்லாத்தையும் அழிச்சிருங்க சார்."

"நம்பரை மட்டும் அழிச்சுடலாமே டீச்சர்."

"நம்பர் போனா பரீட்சை மார்க்கோட எப்படிச் சேத்துப் பாக்க? நம்பர் இருந்தா ஆளைப் பிடிச்சிருவாங்க. பிள்ளைங்க என்னை நம்பியாக்கும் தப்பு பண்ணுனது."

"ஒரு காப்பி எங்காத்துல வச்சுக்கறேன். யாருக்கும் தெரியாது."

"கேட்டா இல்லேன்னு பொய் சொல்ல எனக்கு வராது, கேட்டியளா."

என் கை ஓடவில்லை. என்னை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு அவரே உட்கார்ந்தார். ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாக அடித்தார். நிச்சயம்தானா என்று திரை கேட்டது. ஆம் என்று அமுக்கினார். பிறகு நகல் எடுத்து வைத்திருந்த பிளாப்பிகள், ஒவ்வொன்றாக. ஒவ்வொன்றும் கரகரவென்று ஓடி முடிய ஒரு யுகம் ஆனது. கடைசி பிளாப்பி பாதியில் இருக்கும்போது பியூன் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. டீச்சர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அது முடிந்த பிறகுதான் எழுந்து கதவைத் திறந்தார்.

"பட்டியல் இல்லெ. நானாக்கும் அழிச்சதுன்னு சொல்லுங்க" என்றார். என் பெயரை எடுக்கவே இல்லை.

அவருக்கு மெமோ வந்தது. பிள்ளைகள் எல்லோருக்கும் ஹால் டிக்கெட் கிடைத்தது. பல்கலைக்கழகம் கொடுத்திருந்த கெடுவுக்குள் இன்னொரு இரண்டு வருஷப் பதிவு சேர்க்க வழியில்லாமல் ஆய்வு அப்படியே நின்றது. ஒரு வாரம் கழித்து மன்னிப்புக் கேட்கப் போனேன். "சார் பெருமையிலெ சொன்னதுதானே, விடுங்க" என்றார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

கடைசி வரைக்கும் அவர் எஸ்தர் டீச்சர்தான். டாக்டர் எஸ்தர் ஆகவில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு பழக்கம். ஒரு பிள்ளை தப்பாகச் சொன்ன விடையை அந்த வகுப்புக்கு வெளியே நான் கொண்டுபோவதில்லை. அதை நான் கற்றுக்கொள்ள டீச்சரின் இரண்டு வருஷம் போயிற்று.