சம்பங்கிக்கு நல்ல மாசம்

கடைசிக் கட்டு ரோஜாவை வாளித் தண்ணீரில் இறக்கிவிட்டு, குளிர் அறையின் மூலைக்குப் போய் நின்று கண்ணை மூடிக்கொள்கிறார் சம்பங்கி. உடம்பில் ஸ்வெட்டர், தலையைச் சுற்றி மப்ளர், காலில் பண்ணையில் கொடுத்த ரப்பர் பூட்ஸ். வெளியே மே மாத வெயில் மண்டையைப் பிளக்கிறது. உள்ளே வாயைத் திறந்தால் புகை. அந்தப் புகை முகத்தில் பட்டதும் மத்திகிரிப் பக்கத்து ரோஜாப் பண்ணை காணாமல் போய்விடும். பனிச் சுவர்களுக்கு நடுவே கறுப்பாக ஒரு ரோடு வளைந்து வளைந்து மேலே ஏறும். அதில் ஒரு மோட்டார் சைக்கிள். பின் சீட்டில் உட்கார்ந்திருப்பது யார் என்று சொல்லவும் வேண்டுமா!

"ஏனக்கா, நித்தெ பந்தா?" தூக்கம் வந்துவிட்டதா என்று கன்னடத்தில் கேட்டபடி சூப்பர்வைசர் ஜெகதீஷ் கதவைத் திறப்பார்.

"தூக்கமெல்லாம் இல்ல சார். லடாக் வரைக்கும் போயிட்டு வந்தேன். குளுரு இவ்ளோதான், தாங்கலாம்."

அங்கே ராத்திரியில் குழாய்த் தண்ணீரே உறைந்துபோகும் என்று யார் சொன்னாலும் அவர் காதில் ஏறாது. கோல்டு ரூமிலேயே வருஷக்கணக்காக ரோஜாவைத் தரம் பிரித்தவருக்கு இமயமலை என்பது கொஞ்சம் பெரிய கோல்டு ரூம். "மேல கூரை இருக்காது, அதானே?" என்று கேட்டுவிட்டு அடுத்த வாளியை இழுப்பார்.

இந்தப் பைத்தியத்தை ஆரம்பித்துவைத்தவர் பக்கத்து வீட்டு பாஸ்கரன். ஓசூரில் தயாராகும் லாரிகளை, கேபின்கூட இல்லாத வெறும் சேஸிஸாக, வடக்கே ஓட்டிக்கொண்டு போய் விடுகிற டிரைவர். ஒருமுறை மணாலி பக்கம் போனவர், பனிமலை முன்னால் நின்று எடுத்த போட்டோவைக் கொண்டுவந்து காட்டினார். பார்த்தாரோ இல்லையோ, சம்பங்கிக்குப் பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து பாஸ்கரன் ஊர் திரும்பும்போதெல்லாம் ஒரே கேள்விதான்: "அண்ணா, எந்த மாசம் போனா நல்லது?"

அவரும் சலிக்காமல் சொல்வார். "ஜூன்ல பனிய வெட்டி ரோடு தொறப்பாங்கம்மா. செப்டம்பர் தாண்டுனா எப்ப மூடுவாங்கன்னு சொல்ல முடியாது. ஜூலை, ஆகஸ்ட்டுல கீழ மழை, மண்ணு சரியும். ஆனா மேல ஏறிட்டேன்னா வானம் தொடச்சு வெச்சாப்ல இருக்கும்."

இருப்பதே நாலு மாசம். அதில் ஜூன் மகள் ஸ்வாதியின் பள்ளிக்கூடம் திறக்கிற அமளியில் போய்விடும். செப்டம்பரில் கணவர் பூபதியிடம் பேச்சே கொடுக்க முடியாது. ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் விற்கப்போகிற வண்டிகளுக்கு அவர் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் இரவும் பகலும் பல்சக்கரம் தயாராகும். ஆவணி பிறந்துவிட்டால் சென்னைக் கல்யாண மண்டபங்கள் ரோஜா கேட்டுப் பண்ணையைப் பிடுங்கி எடுக்கும். மிச்சம் ஆடி. ஆடியில் கல்யாணம் கிடையாது, ரோஜாவைச் சீந்த ஆளில்லை. வண்டி வாங்கவும் ஆளில்லை. இரண்டு பேருக்கும் லீவு தட்டில் வைத்துக் கொடுப்பார்கள்.

ஆனால் பூபதி பாரூர்ப் பக்கத்துத் தமிழ் வீட்டுக்காரர். "எங்கூட்ல ஆடில தொடப்பம்கூட வாங்க மாட்டாங்க. நீ என்னாடான்னா இமயமலைக்குக் கெளம்பறேன்ற!" என்று சிரித்தே தட்டிக் கழித்துவிடுவார். இப்படியே வருஷங்கள் போயின.

இரண்டாயிரத்து ஆறில் சம்பங்கிக்குச் சிரிப்பு வரவில்லை. ஸ்வாதி ஒன்பதாவது வந்துவிட்டாள். அடுத்த வருஷம் பத்தாவது. பத்தாவது படிக்கிற பிள்ளை இருக்கிற வீட்டில் டிவியையே மூடி வைக்கிறார்கள், மலையாவது ஒன்றாவது! அது முடிந்தால் பதினொன்று, பன்னிரண்டு, காலேஜ்.

"இந்த வருசம் போவலன்னா அப்பறம் அவ கல்யாணத்தை முடிச்சிட்டுத்தான் செல்லி," என்றார், பக்கத்தில் முள் நீக்கிக்கொண்டிருந்த தோழியிடம். "அப்ப எனக்கு முட்டி தாங்குமா? மூச்சு தாங்குமா?" சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. கையுறையாலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

செல்லி அவரை வேறு பேச்சுக்கு இழுக்கப் பார்த்தாள். "வுடுக்கா. அமாவாசைக்கு உங்கம்மா ஊட்டுக்குப் போறியா?"

சம்பங்கியின் அம்மா வீடு தளிப் பக்கம். கன்னடம் பேசுகிற வீடு. அங்கே ஆகாத ஆஷாட மாசம் அமாவாசையோடு முடியும். மறுநாளே சிராவணம், நல்ல மாசம், எதை வேண்டுமானாலும் தொடங்கலாம். பூபதி வீட்டு ஆடியோ அதற்கப்புறமும் மூன்று வாரம் நீளும். ரோஜாக் கட்டைக் கையில் பிடித்தபடி சம்பங்கி அப்படியே நின்றுவிட்டார். அந்த மூன்று வாரம் சென்னையில் கல்யாணம் இல்லை, லீவு உண்டு. அம்மா வீட்டுக் கணக்கில் நல்ல நாள். மலையில் ரோடு திறந்திருக்கும். "அய்யோ, இது இத்தனை வருசமா கண்ணு முன்னாடியே இருந்துச்சேடி!" என்று சத்தம் போட்டுச் சிரித்தார்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் இந்தக் கணக்கைக் கேட்ட பூபதிக்கு ரசம் புரையேறியது. "உனக்கு ஒரு மாசம், எனக்கு ஒரு மாசமா? ரெண்டு பேரும் ஒரே வண்டிலதானே போறோம்!"

நியாயமான கேள்விதான். சம்பங்கி இன்னும் ஒரு கரண்டி ரசம் ஊற்றினார். பூபதி ஒரு வாரம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தார். பிறகு ஒருநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். வடக்கே போகிற ரயிலுக்கும் டிக்கெட் எடுத்துவைத்தார். ஆனால் 'கெளம்பலாம்' என்று மட்டும் அவர் வாயிலிருந்து வரவில்லை. சம்பங்கி மூட்டையைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார்.

அமாவாசை கழிந்தது. ஸ்வாதியைத் தளியில் விட்டாயிற்று. பெங்களூர் வரை வண்டியில் போய், அங்கே வண்டியையும் ரயிலில் ஏற்றவேண்டும். காலையில் வாசலில் மூட்டைகள் கட்டி நின்றது மோட்டார் சைக்கிள். தெருவே வேடிக்கை பார்த்தது. சம்பங்கி சுடிதாரும் ஸ்வெட்டருமாகப் பின் சீட்டுப் பக்கம் போய் நின்றார்.

பூபதி ஏறவில்லை. வண்டியைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார்.

"எனக்கு இன்னும் ஆடி முடியல சம்பங்கி. நான் கெளப்பக் கூடாது."

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தார் சம்பங்கி. இந்த மனுஷன் இதை நேற்றே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

பூபதி அவருடைய கையைப் பிடித்து, உள்ளங்கையில் சாவியை வைத்து மூடினார்.

"உனக்கு நல்ல மாசம். நீ எடு. நான் சும்மா கூட வர்றவன்."

ஆளில்லாத கால்நடைப் பண்ணை ரோட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டிப் பழகியதோடு சரி; தெருவில் அந்த வண்டியைச் சம்பங்கி தொட்டதில்லை. முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, கால் இரண்டும் தரையில் எட்டுகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார். பட்டனை அமுக்கினார். வண்டி உறுமியது. பூபதி பின்னால் ஏறி, எதைப் பிடிப்பது என்று தெரியாமல் கொஞ்சம் தடுமாறி, மனைவியின் ஸ்வெட்டரை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.