நீக்காமல் விடவா?

கால்காரம்மா செய்துகொடுத்த கால்களையெல்லாம் ஒரேயடியாக நடக்கவிட்டால் அவை பூமியை இரண்டு சுற்றுச் சுற்றிவந்துவிடும். சரி, ஒரு சுற்று. அதையும் நம்பாதவர்களுக்காகக் கொஞ்சம் இறங்கி வரலாம்: பேருந்து நிலையம்வரை போய்த் திரும்பிவிடும். அதற்குக் கீழே இறங்குவதாக இல்லை.

கால்காரம்மா என்பது தெரு வைத்த பெயர். விபத்திலும் நோயிலும் காலை இழந்தவர்களுக்குச் செயற்கைக்கால் செய்வது அவர் தொழில். மருந்துக்கடைக்கு மேலே மாடியில் இரண்டு அறை. முன்னறையில் பிடித்து நடக்கக் கம்பிகள், ஆளுயரக் கண்ணாடி, ரப்பர் விரிப்பு. பின்னறையில் பிளாஸ்டிக் தகட்டை உருக்கும் அடுப்பு, வெள்ளைத் தூள் படிந்த தரை, நடுவில் செதுக்கும் இயந்திரம். காலின் அளவைக் கணினியில் ஏற்றினால் இயந்திரம் ஒரு நுரைக்கட்டையைச் சுழற்றிச் சுழற்றி அதே வடிவில் செதுக்கித் தரும். அதன்மேல் உருகிய தகட்டைப் போர்த்தினால், மிஞ்சிய காலை நுழைக்கும் கிண்ணம் தயார்.

இயந்திரத்தைக் கணினியோடு பேசவைப்பது உள்ளங்கை அகல மின்னணு அட்டை ஒன்று. அதைச் செய்த கம்பெனி எப்போதோ கடையைக் கட்டிவிட்டது. வம்பு அங்கேதான். கணினியின் இயங்குதளத்துக்குள்ளே கெர்னல் என்று ஒன்று உட்கார்ந்திருக்கிறது. திரை, விசைப்பலகை, அட்டை என்று ஒவ்வொரு பாகத்துக்கும் வேலை ஏவுவது அதுதான். அந்த அட்டையின் பாஷை பழைய கெர்னலுக்கு மட்டுமே தெரியும். அளவெடுக்கும் மென்பொருளோ, புது இயங்குதளத்தில்தான் ஓடுவேன் என்று அடம்பிடித்தது. கால்காரம்மா அசரவில்லை. அவர் வைத்திருந்தது யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம் என்று திறந்து விட்டிருக்கும் இயங்குதளம். ஆகவே வீட்டை மாற்றிக்கொண்டு சமையல்காரரை மட்டும் கையோடு கூட்டிப்போவதுபோல, புது இயங்குதளத்தைப் போட்டு அதில் பழைய கெர்னலையே ஓட்டினார். பட்டறையில் அதற்குப் பெயர் ‘பெரியவர்’. புதிதாய் வந்த கெர்னல் ‘சின்னவர்’. கணினியைத் திறக்கும்போது வரும் பட்டியலில் சின்னவரைத் தாண்டிக் கீழே இறங்கிப் பெரியவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மறந்தால் சின்னவர் அந்த அட்டையைக் கண்டு பாதியிலேயே உறைந்து நிற்பார், இயந்திரமும் வாயைத் திறக்காது.

அன்றைக்கு முன்னறையில் தபால்காரம்மா உட்கார்ந்திருந்தார். பழைய கிண்ணம் விரிசல் விட்டு, காலைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். மறுநாள் மருத்துவக் குழுவின் முன்னால் நடந்துகாட்ட வேண்டும். காட்டினால் பழையபடி வேலை. காட்டாவிட்டால் வீட்டோடு இருக்க வேண்டியதுதான். ஏற்கெனவே தள்ளிவைத்தாயிற்று, இனித் தள்ளமாட்டோம் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். பட்டறையில் மிச்சமிருந்ததோ ஒரே ஒரு நுரைக்கட்டை.

அந்த நேரம் பார்த்துக் கணினி, இடமில்லை என்று கைவிரித்தது. கணினி அலுவலகத்தில் வேலை பார்க்கும் கொழுந்தன் அன்று விடுமுறையில் வந்திருந்தான்.

“அண்ணி, உள்ள குப்பை வண்டி வண்டியா கிடக்கு. நான் பெருக்கித் தரேன்.”

“பெருக்கு. பெரியவர் மேல மட்டும் கை வைக்காதே.”

“என்னைப் பார்த்தா அப்படியா தெரியுது?”

“தெரியறதாலதான் சொல்றேன்.”

அவன் பெருக்கினான். இடம் கிடைத்தது. அளவு ஏறியது. கத்தி கீச்சென்று நுரையில் இறங்கியது. கால்காரம்மா முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

“நல்லவேளை அண்ணி,” என்றான் கொழுந்தன், சட்டையைத் தட்டியபடி. “நடுவுல பெரியவரைப் பத்தியும் கேட்டுச்சு. வேண்டாம்னு அமுக்கிட்டேன்.”

கால்காரம்மாவின் தலை மெல்லத் திரும்பியது. “என்ன கேட்டுச்சு? எழுத்து மாறாம சொல்லு.”

“இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கெர்னல் இது, நீக்காமல் விடவா? அப்படின்னு.”

“நீ?”

“வேண்டாம்னு...” அவன் வாய் திறந்தபடியே நின்றது.

நீக்காமல் விடவா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றால், நீக்கு என்று அர்த்தம். ‘நீக்’ என்ற எழுத்தைக் கண்டதுமே பதறி, காப்பாற்றுவதாக நினைத்துக் கழுத்தில் கை வைத்துவிட்டான்.

“பெரியவர் போயிட்டாரு,” என்றார் கால்காரம்மா.

“ஐயையோ!” என்று முன்னறையிலிருந்து கேட்டது. “யாருங்க? என்ன வயசு?”

கத்தி அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. ஏனென்றால் பெரியவர் கோப்புகளைச் சேமிக்கும் வட்டிலிருந்துதான் போயிருந்தார். கணினியின் நினைவகத்தில் இன்னும் இருந்தார். வீட்டைக் காலி செய்து சாமானையெல்லாம் வண்டியேற்றிய பிறகும் ஒருவர் நடுக்கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பதுபோல. எழுந்தால் போச்சு. கணினி ஒருமுறை அணைந்தால் திரும்பப் பெரியவரை எழுப்ப வழியில்லை.

தலைக்குமேல் குழல்விளக்கு ஒருமுறை மங்கி எரிந்தது. அன்று காலையிலிருந்தே மின்சாரம் கண்ணாமூச்சி ஆடிக்கொண்டிருந்தது. யூபிஎஸ்ஸில் இருந்த பேட்டரியோ பேருக்குத்தான் பேட்டரி.

“பென் டிரைவ்ல பெரியவரோட நகல் இருக்கு,” என்று கால்காரம்மா இழுப்பறையைக் குடைந்து எடுத்துச் செருகினார். பென் டிரைவில் விளக்கு மினுக்கியது. திரையில் ஒன்றும் வரவில்லை. எடுத்து மறுபடி செருகினார். கணினி அவரை முன்பின் தெரியாதவர்போலப் பார்த்தது. பென் டிரைவைப் படிக்கத் தெரிந்த பகுதியும் பெரியவரோடு சேர்ந்து பெருக்கப்பட்டிருந்தது.

“அண்ணி, என் லேப்டாப்ல போட்டு நெட்வொர்க் வழியா அனுப்பறேன். அந்த இணைப்பு முன்னாலேயே திறந்திருக்கு, ஓடும்.” அவன் லேப்டாப்பைத் திறந்தான். “நீங்க திட்டினாக்கூடத் தேவலை. திட்டாம நிக்கறதுதான் பயமா இருக்கு.”

“திட்டறது எங்க போகுது? முதல்ல அனுப்பு.”

கோப்பு வந்து சேர்ந்தது. கொழுந்தன் நிறுவுவதற்குக் கையை நீட்டினான். கால்காரம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நில்லு. இப்ப நிறுவினா கணினிக்கு மூச்சு முட்டும். கத்தி ஒரு நொடி தயங்கினாலும் கட்டையில பள்ளம் விழும்.”

“கரண்ட் போனா?”

“தெரியும்.”

“அப்ப?”

கத்தி அப்போது முழங்காலுக்குக் கீழே செதுக்கிக்கொண்டிருந்தது. உடம்பின் பாரமெல்லாம் வந்து உட்காரும் இடம் அது. அங்கே மயிரிழை பிசகினாலும் தபால்காரம்மா ஓரடி எடுத்துவைக்க முடியாது. அதற்கடுத்து ஆடுசதை, வெறும் சதை, கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும். கடைசியில் எலும்பு முடியும் முனை, அங்கேயும் பிசகக்கூடாது. ஆடுசதைக்குக் கத்தி வரும்வரை காத்திருப்பது என்று கால்காரம்மா முடிவு செய்தார். அதுவரை மின்சாரம் இருக்க வேண்டும்.

தபால்காரம்மா கம்பியைப் பிடித்து ஒற்றைக் காலில் தத்திப் பின்னறை வாசலுக்கே வந்துவிட்டார். “எனக்கு இந்தப் பெரியவர் சின்னவர் எல்லாம் புரியலைங்க. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. கால் வருமா, வராதா?”

கால்காரம்மாவுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. “வர வைக்கப் பார்க்கறேன். உட்காருங்க.”

“உட்கார்ந்தே எலும்பு தேய்ஞ்சுடுச்சு. நிக்கறேன்.”

விளக்கு மறுபடி மங்கியது. யூபிஎஸ் ஒருமுறை கீச்சிட்டு அடங்கியது. மூவரும் விளக்கைப் பார்த்தார்கள். பார்த்தால் பயந்து எரியும் என்பதுபோல. முழங்கால் முடிந்தது. கத்தி மெதுவாகச் சரிந்து சதைப்பகுதிக்குள் இறங்கியதும் கால்காரம்மா விசையைத் தட்டினார். இயந்திரத்தின் சத்தம் கரகரத்தது. வழுவழுவென்று வந்த நுரையில் வரப்புபோல ஒரு கோடு எழுந்தது. கொழுந்தன் கண்ணை மூடிக்கொண்டான். இன்னொரு வரப்பு. திரையில் எழுத்துகள் ஊர்ந்தன. ஊர்ந்தன. நின்றன. மறுபடி ஊர்ந்தன.

“ஏதாவது கேட்குதா?” என்றான் கண்ணைத் திறக்காமலே.

“கேட்டாலும் உன்கிட்ட சொல்லமாட்டேன்.”

முடிந்தது என்று திரை சொல்லியதும் கரகரப்பு நின்றது. கத்தி பழையபடி வழுக்கிக்கொண்டு முனையை நோக்கி இறங்கத் தொடங்கியது. கால்காரம்மா முகக்கவசத்தைத் தளர்த்தினார். அப்போதுதான் விளக்கு அணைந்தது. யூபிஎஸ் ஓலமிட்டது, ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கும் நேரம்கூடத் தாங்காமல் அதுவும் அடங்கியது. திரை இருண்டது. முனை செதுக்கப்படாமல் கட்டை பாதியில் நின்றது. கீழே மருந்துக்கடைக்காரர் மின்வாரியத்தை ஆசையாசையாகத் திட்டுவது கேட்டது.

மின்சாரம் வந்ததும் கொழுந்தன் ஓரடி முன்னால் வைத்தான்.

“கையைக் கட்டிக்கிட்டு நில்லு.”

“கட்டிக்கிட்டேன், அண்ணி.”

கணினி உறுமி எழுந்தது. பட்டியல் வந்தது. மேலே சின்னவர். கால்காரம்மா அம்புக்குறியை ஒருமுறை அழுத்தினார். கீழே பெரியவரின் பெயர் இருந்தது. பெயர் இருந்தால் மட்டும் போதுமா? ஆளும் எழ வேண்டுமே. தேர்ந்தெடுத்துவிட்டு அவர் திரையைப் பார்க்கவில்லை. இயந்திரத்தின் அடியில் அட்டையோடு ஒட்டியிருந்த சின்ன விளக்கையே பார்த்தார். சிவப்பு. சிவப்பு. இன்னும் சிவப்பு. தபால்காரம்மா கம்பியை முறுக்கிய சத்தம் கேட்டது. பச்சை.

“எழுந்துட்டாரு!” என்று கொழுந்தன் கட்டிய கையை அவிழ்த்துத் துள்ளினான்.

“பெரியவருங்களா?” என்றார் தபால்காரம்மா. “நல்லா இருக்கட்டும், பாவம்.”

விட்ட இடத்திலிருந்து கத்தி தொடர்ந்தது. முனை பிசகில்லாமல் வந்தது. வரப்புகளைக் கால்காரம்மா உப்புத்தாளால் தேய்த்தார். தகட்டை உருக்கிப் போர்த்தி அது ஆறும்வரை கொழுந்தன் அறைமுழுக்கத் துடைப்பத்தால் பெருக்கினான்; இம்முறை யாரும் தடுக்கவில்லை.

மறுநாள் மருத்துவக் குழுவின் முன்னால் தபால்காரம்மா தபால்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, படிகளை இரண்டிரண்டாகத் தாவி மூன்றாம் மாடிக்கு ஓட, ஈடுகொடுக்க முடியாத டாக்டர்கள் ஒவ்வொரு மாடியிலும் ஒருவராக மூச்சிரைத்து உட்கார்ந்துவிட்டார்கள்.

நான் எழுதியதை இதுவரை வாசிக்கக் கேட்டு, புதுக்காலை நீட்டி உட்கார்ந்திருந்த தபால்காரம்மா கையை உயர்த்தினார்.

“ஏங்க, மூணாம் மாடியா? அந்தக் கட்டடமே ஒரு மாடிதான். ஓடவெல்லாம் இல்லை, கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு ஒவ்வொரு படியா ஏறினேன். பையை ரெண்டாவது தரம்தான் மாட்டிவிட்டாங்க. இறங்கறப்போ கால் நடுங்குச்சு, அதையும் பார்த்தாங்க. பார்த்துட்டுதான் கையெழுத்துப் போட்டாங்க. அதை எழுதுங்க முதல்ல.”