கம்பத்தைப் பார்த்தவர்கள்

கூடைப்பந்து ஆட்டங்களுக்கு நடுவராக நின்ற பதினைந்து வருஷத்தில் ஒருவன்கூட என்னிடம் "அடிச்சேன்" என்று சொன்னது கிடையாது. எல்லோருக்கும் "பட்டுடுச்சு சார்"தான். எதிரே ஒருத்தன் மூக்கைப் பிடித்துக்கொண்டு குந்தியிருப்பான், விரலிடுக்கில் ரத்தம் வரும். இடித்தவன் இரண்டு கையையும் விரித்து, "பட்டுடுச்சு சார், நான் போய் அடிப்பேனா?" என்பான். ஒருத்தன் ஒருமுறை, "என் முழங்கை அங்கதான் சார் இருந்துது, அவன் மூஞ்சிதான் வந்துது" என்றான். இப்படிப்பட்ட பேச்சுகளை மறுநாள் ரயில்வே ஷெட்டில் சொல்லிச் சிரிப்பதில் எனக்குத் தனி ருசி.

நான் ரயில்வேயில் ஃபிட்டர். பெரிய படிப்பில்லை, எந்த டீமிலும் ஆடியதில்லை. ரூல்ஸ் புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு நானாகப் படித்தேன். தாம்பரத்திலிருந்து பீச் போகும் மின்சார ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் ஒரு பக்கம், நின்றால் அரைப் பக்கம். கூடைப்பந்துச் சங்கத்தில் பரீட்சை எழுதிப் பாஸாகி விசில் வாங்கினேன்.

அந்தக் காலத்துப் புத்தகத்தில் 'வேண்டுமென்றே செய்த ஃபவுல்' என்று ஒன்று உண்டு. பின்னால் அந்தப் பெயரை மாற்றிவிட்டார்கள். மாற்றியவர்கள் புண்ணியவான்கள். ஒருத்தன் மனதுக்குள் என்ன ஓடியது என்பதை இரண்டு விநாடியில் தீர்மானித்துச் சொல் என்றால் எவனால் முடியும்? நானாக ஒரு வழி வைத்திருந்தேன். கண் பந்தின் மேல் இருந்ததா ஆளின் மேல் இருந்ததா என்று பார்ப்பேன். விழுந்தவனை இடித்தவன் எப்போது திரும்பிப் பார்க்கிறான் என்றும் பார்ப்பேன். உடனே பார்த்தால் ஒன்று, என்னைப் பார்த்துவிட்டு அப்புறம் விழுந்தவனைப் பார்த்தால் வேறு. இந்தக் கணக்கு பெரும்பாலும் எனக்குக் கைகொடுத்தது. சேலையூரில் அன்றைக்குக் கைகொடுக்கவில்லை.

எண்பதுகளின் கடைசி. ஐப்பசி மாசம். கேம்ப் ரோட்டுக்கு உள்ளே ஒரு காலனி கிளப்பின் சிமெண்ட் கோர்ட்டில் அரையிறுதி ஆட்டம். இந்த ஊரில் பந்து போட்டுச் சம்பளம் வாங்குவது என்றால் அது ஆபீஸ் டீம்தான். நன்றாக ஆடுகிறவனை வேலைக்கு எடுப்பார்கள், பெயருக்கு ஒரு மேஜை நாற்காலி கொடுப்பார்கள், சாயந்திரம் கோர்ட்டில் நிற்க வேண்டும். முதல் ஒரு வருஷம் தற்காலிகம். அதற்குள் ஏதாவது புகார் வந்தால் வேலை போய்விடும். அன்று ஆடிய ஒரு டீமில் அப்படி ஒரு பையன் இருந்தான். இருபத்திரண்டு வயது, கோவிலம்பாக்கத்துக்காரன், உயரம். நிரந்தரமாக இன்னும் ஒரே மாசம் பாக்கி. அப்பா இல்லை, இரண்டு தங்கைகள். இதெல்லாம் கோர்ட்டில் எல்லோருக்கும் தெரியும். அவன் இந்தச் சேலையூர் கோர்ட்டிலேயே ஆடி வளர்ந்தவன்.

அந்தக் கோர்ட்டில் ஒரு கோளாறு உண்டு. தெற்குப் பக்கக் கூடையைத் தாங்குகிற இரும்புக் கம்பம், கடைசிக் கோட்டுக்கு வெளியே இரண்டே அடியில் நின்றது. வேகமாக ஓடிவந்து கூடைக்குத் தாவுகிறவன் இறங்குகிற இடத்தில் கம்பம் இருக்கும். அதனால் கோணிக்குள் தேங்காய் நாரை அடைத்து, ஆள் உயரத்துக்குக் கம்பத்தைச் சுற்றிக் கட்டி வைப்பார்கள். அங்கேயே ஆடிப் பழகியவர்களுக்கு ஒரு வழக்கமும் வந்துவிட்டது. அந்தப் பக்கம் ஓடும்போது ஒரு கணம் கண் கம்பத்துக்குப் போகும், கால் அரை அடி பின்வாங்கும். வெளியூர் டீம்காரர்களுக்கு அந்த வழக்கம் கிடையாது.

இரண்டு நாள் மழை. கோணி ஊறிப்போயிற்று என்று அவிழ்த்துக் காம்பவுண்டு சுவர்மேல் போட்டிருந்தார்கள். நான் போனபோது கம்பம் மொட்டையாக நின்றது. தட்டிப் பார்த்தேன். சில்லென்று இருந்தது, உள்ளங்கையில் துரு ஒட்டிக்கொண்டது. மேலே விமானம் ஒன்று தாழப் போனது, மேகத்துக்குள் சத்தம் மட்டும்தான்.

கிளப் செயலாளர் ஓடிவந்தார். அந்த ஊர்க்காரர், விவசாயம் செய்த நிலத்தை மனையாகப் போட்டு விற்றுவிட்டு மெயின் ரோட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தவர். நல்ல மனிதர். பேசினால் ஊரே கேட்கும்.

"இன்னா சார், கம்பத்தத் தட்டிக்கினு கீறீங்க? பொண்ணு பாக்க வந்தீங்களா?"

"கோணி கட்டலையே."

"அது தண்ணி குடிச்சி யானை கணக்கா கீது சார். நாலு பேரு தூக்கணும். சீஃப் கெஸ்ட் வந்துட்டாரு. மறுபடி மழ புடிச்சா மேட்ச்சே பேஜார் ஆயிடும். ஊதுங்க சார், ஊதுங்க."

சீஃப் கெஸ்ட் மாலையோடு உட்கார்ந்திருந்தார். வானம் திருநீர்மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. மைதானம் ஆடத் தகுதியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டியவன் நான் ஒருவன்தான். கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு ஊதினேன்.

முதல் பாதி சுமுகமாகவே போனது. கூட்டத்தில் ஒருத்தர் விடாமல், "ரெஃபரி அண்ணா, கண்ணாடிய வூட்ல மறந்துட்டியா, போய் எடுத்தாரவா?" என்று கத்திக்கொண்டிருந்தார். நானும் சிரித்துக்கொண்டேன். ஆனால் தெற்குப் பக்கம் யார் தாவினாலும் என் கண் மொட்டைக் கம்பத்துக்குப் போய் வந்தது. ஒவ்வொருத்தனாக இறங்கி, தப்பித்து, திரும்பி ஓடினார்கள். இப்படியே முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

கடைசி நாலு நிமிஷம். எதிர் டீமின் ஆட்டக்காரன் ஒருத்தன், வெளியூர்க்காரன், நடுக்கோட்டில் பந்தைப் பறித்துக்கொண்டு தனியாகத் தெற்குக் கூடைக்கு ஓடினான். கோவிலம்பாக்கத்துப் பையன் பின்னாலேயே துரத்தினான். நான் கம்பத்துக்குப் பக்கத்தில், கடைசிக் கோட்டில் நின்றேன். இருவரும் என்னை நோக்கி வந்தார்கள். முன்னால் வந்தவன் தாவினான். பின்னால் வந்தவனின் கண் கம்பத்துக்குப் போய் மீண்டது. அதற்கப்புறம் அவன் கை நீண்டு, மேலே எழும்பியவனின் இடுப்பில் பட்டது. உள்ளங்கை விரிந்துதான் இருந்தது. பெரிய தள்ளல் இல்லை. நடுக்கோட்டில் நடந்திருந்தால் சாதாரண ஃபவுல் என்று கை காட்டிவிட்டுப் போயிருப்பேன்.

ஷெட்டில் பெட்டியும் பெட்டியும் மோதுகிற சத்தத்தைத் தினமும் கேட்கிறவன் நான். தாவியவனின் தலை கம்பத்தில் மோதியது அதற்கு முன்னால் மிகச் சின்னச் சத்தம். ஆனால் கூட்டம் மொத்தமும் அதைக் கேட்டது. விழுந்தவனின் இடது காதிலிருந்து மெல்லிசாக ஒரு கோடு சிமெண்டில் இறங்கியது.

பையன் என்னைப் பார்க்கவில்லை. விழுந்தவனைப் பார்த்தான். உடனே மண்டியிட்டு, "அண்ணா, அண்ணா" என்று அவன் கன்னத்தைத் தட்டினான். எதிர் டீம் மொத்தமும் ஓடிவந்தது. யாரோ பையனின் பனியனைப் பிடித்து இழுத்தார்கள். கூட்டம் உள்ளே இறங்கிவிடும் போலிருந்தது. பையனை ஆட்டத்தைவிட்டே வெளியேற்றினேன். அப்படி வெளியேற்றினால் ஏன் என்று சங்கத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அதன் நகல் அவனுடைய ஆபீசுக்குப் போகும்.

அடிபட்டவனை ஒரு வேனில் ஏற்றினார்கள். வேன் கேம்ப் ரோட்டில் திரும்புகிற வரை பார்த்துக்கொண்டு நின்ற செயலாளர் என்னைத் தனியாக இழுத்துப் போனார். இந்தமுறை மெதுவாகப் பேசினார். அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அன்றுதான்.

"சார், வேணும்னே தள்ளினான்னு எழுதிடுங்க. ஒரே வரி. ஆக்சிடெண்டுன்னு எழுதினீங்கன்னு வைங்க, சங்கத்துல ஏன் ஆச்சுன்னு கேப்பான். கம்பம் ஏன் மொட்டையா நின்னுதும்பான். யாரு ஊதினாம்பான். உங்களுக்கும் ரோதனை, எங்களுக்கும் ரோதனை."

"பையன் வேலை போயிடுமே."

"வயசு கீது சார் அவனுக்கு. வேற வேல பாத்துக்குவான்."

அடிபட்டவன் இரண்டு நாள் கண் திறக்கவில்லை. ஷெட்டில் யாராவது என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால்கூட, ஆஸ்பத்திரியிலிருந்து சேதியோ என்று ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். மூன்றாம் நாள் விழித்தான். உயிருக்குப் பயமில்லை, இடது காது இனிமேல் கேட்காது என்றார்கள்.

அன்று மத்தியானமே பையன் ஷெட் வாசலுக்கு வந்தான். டீ வாங்கிக் கொடுத்தேன். கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தான், குடிக்கவில்லை.

"எழுதிட்டீங்களா சார்?"

"இன்னும் இல்ல."

"டெய்லி ஆஸ்பத்திரிக்குப் போறேன் சார். அவங்க அம்மா என்னை உள்ள வுட மாட்டேங்கறாங்க."

"நீ தள்ளினியா?"

"தொட்டேன் சார். நிறுத்தணும்னுதான் தொட்டேன். கூடை விழக்கூடாது, அவ்ளோதான் மனசுல."

பட்டுடுச்சு என்று சொல்லுவான் என்றுதான் காத்திருந்தேன். அப்படிச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"கம்பத்தைப் பாத்தியா?"

கிளாஸைப் பெஞ்சில் வைத்தான். "பாத்தேன் சார். நாங்க எப்பவும் பாப்போம். மொட்டையா கீதுன்னும் தெரியும். ஆனா கை முன்னாடியே கெளம்பிடுச்சி சார்."

இரண்டு ராத்திரி யோசித்து எழுதினேன். காயப்படுத்தும் எண்ணம் இல்லை என்று எழுதினேன். ஆனால் அசட்டைத்தனம் உண்டு, கம்பத்தில் உறை இல்லை என்பது தெரிந்தும், கை வைப்பதற்கு ஒரு கணம் முன்னால் அதைப் பார்த்தும் தொட்டான் என்றும் எழுதினேன். ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஆட்டத்துக்கு முன்னால் நான் கம்பத்தைத் தட்டிப் பார்த்ததை மட்டும் எழுதவில்லை. என்னிடம் கேட்டது பையனைப் பற்றித்தானே, மைதானத்தைப் பற்றி இல்லையே என்று எனக்கு நானே ரூல்ஸ் பேசிக்கொண்டேன். தெரிந்தே செய்தான் என்று அவனைப் பற்றி எழுதிய அந்த வரி, பெயரை மாற்றினால் எனக்கும் அப்படியே பொருந்தும். அது தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் விசாரணை. தாம்பரத்தில் ஒரு மாடி அறை. சங்கத் தலைவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், ஒவ்வொரு ஞாயிறும் மாதா கோயில் பூசைக்கு முதல் வரிசையில் நிற்பவர், யாரையும் கடிந்து பேசாதவர். அவருக்கு ஒரு பக்கம், போட்டியை நடத்தியவர் என்பதால் கிளப் செயலாளர், இன்னொரு பக்கம் மினிட்ஸ் எழுதுகிறவர். தலைவர் என் தாளை இரண்டு முறை படித்தார்.

"இன்டென்ஷன் இல்லைங்கறீங்க."

"இல்ல சார்."

"ஆனா போஸ்டைப் பாத்திருக்கான். டேஞ்சர்னு தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சும் கை வச்சிருக்கான். அப்புறம் இன்டென்ஷன் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன தம்பி?" பையனிடம் திரும்பினார். "நீ ஏதாவது சொல்லணுமா?"

பையன் என்னை ஒருமுறை பார்த்தான். "ஒண்ணும் இல்ல சார்" என்றான்.

இந்த ஆட்டக்காரன் ஒரு வருஷம் ஆடக்கூடாது என்று முடிவாகி, ஆபீசுக்குக் கடிதம் எழுதச் சொன்னார்கள். ஆடாதவனுக்கு அந்த ஆபீசில் நாற்காலி ஏது? செயலாளர் என்னைப் பார்த்து லேசாகத் தலையாட்டினார்.

கீழே பஸ் ஸ்டாப்பில் பையன் நின்றிருந்தான். ஒதுங்கிப் போய்விடலாம் என்று பார்த்தேன், அவன் பார்த்துவிட்டான்.

"மேட்ச்சுக்கு முன்னாடி நீங்களும் கம்பத்தத் தட்டிப் பாத்தீங்க சார். நான் அங்கதான் ஷூ கட்டிக்கினு இருந்தேன்."

பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தேன்.

"கைய பேன்ட்ல தொடச்சீங்க."

"உள்ள ஏன் சொல்லல?"

"சொன்னா உங்களையும் தூக்குவாங்க. எனக்கு வேல திரும்பி வந்துடுமா?" கோபமாகச் சொல்லவில்லை. டிக்கெட் விலை சொல்கிற மாதிரி சொன்னான். "நீங்களே சொல்லுவீங்கன்னு நெனச்சேன் சார். கடைசி வரைக்கும் உங்களயே பாத்துக்கினு இருந்தேன்."

மேடவாக்கம் போகிற பஸ் வந்தது. ஏறிவிட்டான். படியில் நின்ற இரண்டு மூன்று பேரை ஒதுக்கி, கையைப் பார்த்துப் பார்த்து வைத்து, யார்மேலும் படாமல் உள்ளே போனான்.

பஸ் போனதும் திரும்பி மாடியேறினேன். பாதிப் படியில் மூச்சு வாங்கியது. சொல்ல வேண்டியதைக் கோத்துக்கொண்டேதான் ஏறினேன். கம்பத்தை நான் தட்டிப் பார்த்தேன், மொட்டை என்று தெரியும், தெரிந்தேதான் ஊதினேன். மூன்றே வாக்கியம்.

உள்ளே டீ வந்திருந்தது. கடிதம் கவருக்குள் போய்விட்டது, இன்னும் ஒட்டவில்லை. தலைவர் என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தார்.

"வாங்க, வாங்க. இப்பதான் உங்களைப் பத்திப் பேசிட்டிருந்தோம். எவ்வளவு நேர்மையா எழுதியிருக்கீங்க. ரெண்டு பக்கமும் பாத்து எழுதறவங்க யாரு இருக்காங்க இப்போ? அடுத்த ஞாயித்துக்கிழமை ஃபைனலுக்கு நீங்கதான் நிக்கணும்."

செயலாளர் ஒரு கிளாஸ் டீயை என் பக்கம் நகர்த்தினார். கவரின் வாயை நாக்கால் நனைத்து, மேஜைமேல் வைத்து, உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி ஒட்டினார். நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"எத்தனை மணிக்கு சார் வரணும்?" என்று கேட்டேன்.