பத்தொன்பது இடங்கள்

கச்சேரிக்கு நான் எடுத்துக்கொண்ட பியானோ இசை பதினான்கு நிமிடம் நீளும். இசைத்தாளைப் பார்க்காமல் வாசிக்க வேண்டும். முப்பது வருடமாக மேடையில் வாசிக்கிறவள் நான். மனப்பாடம் எனக்கு ஒருநாளும் சிக்கலாக இருந்ததில்லை. கச்சேரிக்கு மூன்று வாரம் இருக்கையில், டொலார்ட்-டெஸ்-ஓர்மோ என்ற ஊரிலுள்ள எங்கள் வீட்டில் வாசித்துக்கொண்டிருந்தபோது கதவு மணி அடித்தது. தபால் பொதியை வாங்கி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். விட்ட இடத்திலிருந்து தொடரக் கை எழவில்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த கணவர் எட்டிப் பார்த்தார்.

"விட்ட இடத்திலயிருந்து வாசியுமன்."

"ஏலாது. முதலிலயிருந்து வந்தாத்தான் விரல் போகும்."

"அப்ப விரலுக்குத்தான் பாடம். உமக்குப் பாடமில்லை."

அவருக்கு இசை தெரியாது. கோபம்தான் வந்தது. ஆனாலும் அவர் சொன்னது சரி. மேடையில் விரல் ஒருமுறை தவறினால் எனக்குப் போக இடமில்லை.

மறுநாள் தாளை விரித்தேன். மெட்டு எங்கே திரும்புகிறது, இடது கை எங்கே தனியே நிற்கிறது என்று பார்த்துப் பத்தொன்பது இடங்களில் பென்சிலால் எண் போட்டேன். ஒவ்வொன்றையும் முன்னால் வருவதன் துணையில்லாமல் தொடங்கப் பழகினேன். பஸ்ஸில் கண்ணை மூடி அந்த இசையை மனதுக்குள் கேட்டேன். அங்கே மங்கலாகக் கேட்ட இடத்தில், வீட்டில் விரலும் தடுமாறியது. மாலையில் கணவர் பாத்திரம் கழுவியபடி ஏதாவது ஓர் இடத்தின் எண்ணைச் சொல்லுவார்.

"பதினொண்டு!"

வாசிப்பேன்.

"நாலு! இல்லை, பதினேழு!"

அவருக்கு அதில் பெரிய குஷி.

கச்சேரி ஒரு ஞாயிறு பிற்பகல், சிறிய தேவாலய மண்டபத்தில். பதின்மூன்றாவது இடத்தைத் தொடங்கிப் பாதி போனதும் முன்வரிசையில் யாரோ இருமினார்கள். இடது கை வேறு கட்டையில் விழுந்தது. தலைக்குள் ஒன்றுமே இல்லை. 'பதினான்கு' என்று எனக்குள் சொன்னேன். கைகள் அங்கே போய் இறங்கின. முடிவுவரை வாசித்துவிட்டு எழுந்து வணங்கினேன்.

காரில் ஏறியதும் கணவர் கேட்டார்.

"பதின்மூண்டில அரைவாசியைக் காணேல்லை, என்ன?"

"ஓம். வேற ஆரும் கண்டுபிடிச்சிருப்பினமோ?"

"பக்கத்தில இருந்த மனுசி கண்ணைத் துடைச்சுக்கொண்டிருந்தா. எனக்கு மட்டுந்தான் தெரியும்."

அதுவரை அடக்கியிருந்த அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அவர் வண்டியை எடுக்காமல் காத்திருந்தார்.

"வீட்டை போய் அந்த மிச்சத்தை எனக்கு வாசிச்சுக் காட்டும்" என்றார்.

வீட்டுக்குள் நுழைந்ததும், போட்டிருந்த குளிர்கோட்டைக்கூடக் கழற்றாமல் வாசித்தேன்.