தூரம் சொல்லும் பைனாகுலர்

போன நவம்பரில் நான் ஒரு மானைக் காயப்படுத்தினேன். கொன்றிருந்தால் இதை எழுத வேண்டி வந்திராது. வெடி கேட்டதும் அது ஒருமுறை துள்ளியது, பின்காலை இழுத்துக்கொண்டு மரங்களுக்குள் போய்விட்டது. அன்று பகல் முழுவதும், மறுநாள் மத்தியானம் வரையும், இரத்தச் சொட்டுகளைத் தேடி நடந்தோம். பிறகு பனி கொட்டத் தொடங்கியது. தேடுவதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

தேடி நடந்தது நானும், ஆஸ்பத்திரிச் சமையலறையில் பதினெட்டு வருடமாக என்னோடு வேலை செய்யும் கியூபெக்காரனும். வேட்டைக்கு என்னை இழுத்தவன் அவன்தான். மன்னாரில் நான் துவக்கைத் தொட்டவனில்லை, தொட்டவர்களுக்குப் பயந்து ஓடி வந்தவன். இங்கே வந்து, வகுப்புக்குப் போய், அனுமதிப் பத்திரம் எடுத்து, ஐந்து வருடமாக நவம்பரில் அவனோடு காட்டில் குந்தியிருந்தேன். வருடத்தில் எனக்கென்று இருந்தது அந்த ஒரு கிழமைதான்.

"தூரக் கணக்குப் பிழைத்துவிட்டது" என்று அவனிடம் சொன்னேன். "நான் நினைத்ததைவிடத் தள்ளி நின்றிருக்கிறது. மூடுபனி வேறு." அவன் என்னை ஒருமுறை பார்த்தான். திரும்பி வந்து, நாங்கள் இருக்கும் கோட்-டெ-நெய்ஜில் எங்கள் கட்டடத்து வாசலில் என்னை இறக்கிவிட்டுத்தான் பேசினான். "தூரம் காட்டும் பைனாகுலர் ஒன்று வாங்கு. இல்லையென்றால் அடுத்த முறை என்னோடு வராதே."

பகிடிக்குச் சொல்கிறான் என்றுதான் நினைத்தேன். ஆனால் அதற்குப் பிறகு சாப்பாட்டு இடைவேளையில் அவன் வேறு மேசையில் போய் இருந்தான். குளிர்காலம் முழுவதும் அப்படித்தான். நான் போனால் எழும்பிப் போகமாட்டான், பேசவும் மாட்டான். ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால் எங்கள் சனம், "என்ன அண்ணை, இந்தமுறை மான் இறைச்சி இல்லையோ?" என்று கேட்கும். "சரிவரேல்லை" என்பேன். படுத்தால் கண்ணுக்குள் அந்த மான் பின்காலை இழுத்துக்கொண்டு போகும். தூரம்தானே பிழைத்தது, யாருக்கும் பிழைக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மறுபக்கம் திரும்பிப் படுப்பேன்.

மார்ச்சில் ஒரு சனிக்கிழமை நானும் மனைவியும் பக்கத்து நகரமான லவாலுக்குப் போனோம். ஆறு நாள் தொடர்ந்து வேலை, கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன. மனைவிக்குத் திரைச்சீலை வாங்க வேண்டும், எனக்குப் பைனாகுலர். வேட்டைச் சாமான் கடையின் வாசலில் பஞ்சடைத்த கரடி ஒன்று நின்றது.

"இஞ்சாருங்கோ, கெதியாப் பாத்து முடியுங்கோ" என்றாள். "உங்கட கரடியைப் பாக்க நான் வரேல்லை."

கடைக்காரப் பெண்ணுக்கு ஐம்பது வயது இருக்கும். நல்ல பொறுமைசாலி. மூன்று பைனாகுலர்களை எடுத்து வைத்தாள். பத்து மடங்கு பெருப்பித்துக் காட்டுவதில் கை நடுக்கமும் பத்து மடங்கு பெருக்கும் என்றாள். என் கையைப் பார்த்துவிட்டு எட்டு மடங்கை முன்னுக்குத் தள்ளினாள். எனக்குச் சுள்ளென்று வந்தது. நல்ல கருவி என்றால் முன்னால் நிற்கும் கிளையை விட்டுவிட்டு அதற்குப் பின்னால் நிற்கும் மிருகத்தின் தூரத்தைச் சொல்லுமாம். ஓம் ஓம் என்று தலையாட்டினேன். எனக்கு வேண்டியது ஒரு இலக்கம். அதை அவனிடம் கொண்டுபோய்க் காட்டினால் போதும்.

வாசலுக்குக் கூட்டிப் போய், வாகனத் தரிப்பிடத்தின் மறுகரையில் நின்ற விளக்குக் கம்பத்தைப் பார்த்துப் பொத்தானை அழுத்தச் சொன்னாள். அழுத்தினேன். கம்பம் கிட்ட வந்தது, இலக்கம் வரவில்லை. "பற்றரி செத்துப்போச்சு" என்றேன். இரண்டாவதைத் தந்தாள். அதிலும் இல்லை. மூன்றாவதற்குப் புதுப் பற்றரி போட்டுத் தந்தாள், அதுவும் ஊமை. மூன்றையும் பழுதாக வைத்துக்கொண்டு விற்கிறார்களே என்று தமிழில் திட்டினேன்.

"ஆடத் தெரியாதவள் முற்றம் கோணல் எண்டாளாம்" என்றாள் மனைவி. "இஞ்ச தாங்கோ."

வாழ்க்கையில் பைனாகுலர் பிடித்திராதவள் அதைக் கண்ணில் வைத்த கையோடு சொன்னாள்: "நூற்றிப் பன்னிரண்டு. சிவப்பா, வடிவா நிக்குது."

"நீர் சும்மா சொல்லுறீர்."

"நான் ஏன் சும்மா சொல்லுறன்? இஞ்ச, வலப்பக்கத்திலதான் தெரியுது."

கடைக்காரப் பெண் என்னைப் பார்த்த பார்வை மாறியது. இந்த வகையில் இலக்கம் வலக்கண்ணுக்கு மட்டும்தான் தெரியும் என்றாள். இடக்கண்ணை மூடிக்கொண்டு வலப்பக்கத்து வளையத்தைத் திருப்பிப் பார்க்கச் சொன்னாள். மூடினேன். கம்பம் கரைந்துபோனது. அரிசி கழுவிய தண்ணீருக்குள்ளால் பார்ப்பதுபோல ஒரே வெள்ளை. வளையத்தை இந்த முனைக்கும் அந்த முனைக்கும் திருப்பினேன். வெள்ளை அப்படியே நின்றது.

அந்த வெள்ளையை நான் முன்பே கண்டிருந்தேன். துவக்கைத் தோளில் வைத்து, இடக்கண்ணை மூடி, வலக்கண்ணால் அந்த மானைப் பார்த்தபோது என் முன்னால் நின்ற மூடுபனி இதுதான்.

இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது குறை ஒன்றும் தெரியவில்லை, இடக்கண் எல்லாவற்றையும் சமாளித்திருக்கிறது. இரவில் தெருவிளக்குகள் பூத்துத் தெரிந்தபோது காரின் கண்ணாடியைத் துடைத்தேன். கண்ணைத் துடைக்க நினைக்கவில்லை. அந்தக் கடை வாசலில் நிற்கவே வெட்கமாக இருந்தது. கடைக்காரப் பெண் பைனாகுலரை மெதுவாக என் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள். முதலில் கண் மருத்துவரிடம் போய்விட்டு வாருங்கள், இது எங்கும் ஓடிப்போகாது என்றாள்.

மனைவி கார்க் கதவடியில் வந்து கையை நீட்டினாள். "திறப்பைத் தாங்கோ. நான் ஓட்டுறன்."

கொடுத்தேன். திரைச்சீலையை இருவருமே மறந்துபோனோம்.

வரும் வழியில் கியூபெக்காரனுக்குத் தொலைபேசி எடுத்தேன். நான் எடுத்து நான்கு மாதம் இருக்கும். என் சமையலறைப் பிரெஞ்சில் எல்லாவற்றையும் சொன்னேன். பைனாகுலர் பழுதில்லை, என் கண்தான் பழுது, அன்றைக்குத் தூரமும் பிழைக்கவில்லை, வலக்கண் தெரியாமல்தான் சுட்டிருக்கிறேன் என்றேன்.

"அன்றைக்கு மூடுபனி இருக்கவில்லை" என்றான் அவன். "வானம் துடைத்துவிட்டதுபோல இருந்தது. கவலையீனமாகச் சுட்டுவிட்டு என்னிடம் பொய் சொல்கிறாய் என்று நினைத்தேன். அதுதான் பேசவில்லை." பிறகு, மருத்துவரிடம் எப்போது போகிறாய், நான் கூட வரட்டுமா என்று கேட்டான்.

வா என்றேன். அவனிடம் நான் பொய்யனில்லை என்று ஆகிவிட்டது, திங்கட்கிழமை அவன் என் மேசைக்கு வந்து இருப்பான். அந்த மான் மட்டும் தெளிந்த வானத்தின் கீழ், நான் பார்க்காமலே சுட்ட குண்டோடு, பின்காலை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது.