லாபிஸிலிருந்து பனிக்குப் போன ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு லாபிஸிலிருந்து புறப்பட்டோம். முந்தின நாள் பெய்த மழையில் சாலையோரக் கால்வாய்கள் நிரம்பி ஓடின. என் கணவர் செல்வம் வண்டியை ஓட்டினார். நாங்கள் போகவேண்டிய இடம் ஜொகூர் பாருவிலிருந்து பாசிர் கூடாங் போகும் நெடுஞ்சாலையின் ஓரத்தில் இருந்தது. கிடங்கு போன்ற பெரிய கட்டடத்துக்குள் பனியைச் செய்து கொட்டி, சரிவாக்கி, மக்களைச் சறுக்க விடுகிறார்கள். எங்கள் வீட்டிலிருந்து நூற்றைம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். யொங் பெங் வரை பழைய சாலை, அதன்பின் விரைவுச்சாலை. வழியெல்லாம் செம்பனைத் தோட்டங்கள்.

எனக்குப் பனி புதிதல்ல. கல்யாணமான புதிதில் நாங்கள் இருவரும் நியூசிலாந்தின் குயின்ஸ்டவுனில் ஒரு தங்கும் விடுதியில் வேலை செய்தோம். அவர் சமையலறையில், நான் வரவேற்பு மேசையில். எட்டுக் குளிர்காலங்கள் அங்கே கழிந்தன. விடுதி ஊழியர்களுக்கு மலைக்குப் போகச் சலுகைச் சீட்டு உண்டு. சும்மா வேடிக்கை பார்க்கப் போனவள் ஸ்கீயைக் காலில் மாட்டிய நாளிலிருந்து வேறு ஆளாகிவிட்டேன். மூன்றாவது குளிர்காலத்தில், மிகக் கடினம் என்று கறுப்புக் குறி போட்டிருக்கும் சரிவுகளில் தனியாக இறங்கினேன். செல்வம் இரண்டு வருடம் முயன்று பார்த்துவிட்டு அடிவாரத்துக் காப்பிக் கடையில் உட்கார்ந்துகொண்டார். நான் இறங்கி வரும்போது எனக்காக ஒரு கோப்பை சூடாக வாங்கி வைத்திருப்பார். அந்த நாட்களை நான் நல்ல நாட்களாகவே நினைத்திருந்தேன்.

மாமனார் தவறிய பிறகு இங்குள்ள தோட்டத்தைப் பார்க்க ஆளில்லை என்று திரும்பி வந்தோம். நான் இப்போது ஒரு கிளினிக்கில் கணக்கு பார்க்கிறேன்.

இந்தப் பனிக்கூடத்துக்குச் செல்வம் அரை வருடமாக நண்பர்களோடு போய்வந்துகொண்டிருந்தார். அங்கே பெரும்பாலும் ஸ்னோபோர்ட்தான். இரண்டு கால்களையும் ஒரே பலகையில் கட்டிக்கொண்டு பக்கவாட்டில் நின்று சறுக்கும் ஆட்டம். நான் அதைத் தொட்டதே இல்லை.

"ஒரு தடவை வந்து பாரேன். நா சொல்லித் தர்றேன். ஒனக்கு ஈஸிலா" என்றார் வண்டியில்.

"ஸ்கீ வேற, அது வேறன்னு சொல்வாங்களே."

"வேறதான். ஆனா பனி ஒன்னுதானே."

இத்தனை வருடத்தில் அவர் எனக்கு ஒன்றைச் சொல்லித் தருகிறேன் என்று முன்வந்தது இதுவே முதல் தடவை. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஒன்பதே காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். இரண்டு மணி நேரத்துக்குத் தொண்ணூற்றைந்து மலேசிய வெள்ளி. பலகையும் காலணியும் அதில் அடக்கம். கையுறை பன்னிரண்டு வெள்ளி, தனி. வாடகைச் சட்டையில் யாரோ ஒருவருடைய வியர்வை இன்னும் காயாமல் இருந்தது. வெளியே முப்பத்தொரு டிகிரி வெயில். இரட்டைக் கதவைத் தாண்டினால் பூஜ்யத்துக்குக் கீழே மூன்று. காற்றில் மீன் கடைக் குளிர்பெட்டியின் வாடை. மலை இல்லை, வானமும் இல்லை. கூரையில் குழல் விளக்குகள். ஆனாலும் பூட்சுக்கடியில் பனி நெரிபடும் சத்தம் கேட்டதும், அதைக் கேட்பதற்காகவே இன்னும் நாலு அடி நடந்தேன்.

செல்வத்தின் நண்பர்கள் இரண்டு பேர் எங்களுக்கு முன்பே வந்திருந்தார்கள். "மாஸ்டர் வந்துட்டாரு!" என்று கை தூக்கினார்கள். அவர் முகம் மலர்ந்தது.

"நீ லோகாகிட்ட ஆரம்பி வாணி. நா ஒரு ரவுண்டு போயிட்டு வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு, நகரும் பட்டையில் ஏறி அவர்களோடு மேலே போய்விட்டார்.

லோகா என்ற லோகேஸ்வரிக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்கும். வாரநாட்களில் பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, ஞாயிறுகளில் இங்கே பயிற்சியாளர். என்னைத் தாழ்ந்த சரிவுக்குக் கூட்டிப்போய்ப் பலகையைப் பூட்டிவிட்டாள்.

எழுந்து நின்றேன். விழுந்தேன்.

ஸ்கீ பழகியவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும்: அந்தப் பழக்கம் ஸ்னோபோர்டில் துணை வராது, குழிதான் பறிக்கும். ஸ்கீயில் இரண்டு கால்களும் தனித்தனி. தடுமாறினால் ஒரு காலை எட்டி வைக்கலாம். கையில் கோல்கள் இருக்கும். பள்ளத்தை நேராகப் பார்த்து, உடம்பை அதன் பக்கம் சாய்த்து இறங்குவோம். பலகையில் கால் கட்டுண்டு கிடக்கிறது. என் உடம்பு பழைய ஞாபகத்தில் பள்ளத்தை நோக்கித் திரும்பும். திரும்பிய மறுகணம் பலகையின் கீழ் விளிம்பு பனியில் மாட்டும். சொல்லாமல் கொள்ளாமல் தூக்கி அடிக்கும். குதிகால் பக்கம் விழுந்தால் இடுப்பு. விரல் பக்கம் விழுந்தால் முழங்காலும் முகமும். பள்ளத்துக்கு முதுகைக் காட்டி நிற்கச் சொன்னாள் லோகா. எட்டு வருடம் கண்ணால் பார்த்து இறங்கியவளுக்கு அது கிணற்றுக்கு முதுகு காட்டி நிற்பதுபோல் இருந்தது.

"அலமாக்! சக்கிட்டா, வலிக்குதாக்கா?" என்று ஓடி வந்தாள், ஒருமுறை நான் பின்மண்டை அடிபட விழுந்தபோது. தலைக்கவசம் காப்பாற்றியது.

"வலி இல்ல. விளங்கமாட்டேங்குது."

"கொஞ்சம் ஒக்காருவோம்." பனியிலேயே என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "பயப்படாதீங்கக்கா. அண்ணன் முதல்லயே சொல்லிட்டாரு. நியூசிலாந்துல அவரு மலையில ஏறி ஸ்கீ போவாராம், நீங்க பனின்னாலே பயந்து கீழ காப்பிக் கடையில ஒக்காந்திருப்பீங்களாம். அதான் ஒங்கள மெதுவா பாத்துக்கச் சொன்னாரு."

நான் அவளைப் பார்த்தேன். விளையாடுகிறாளோ என்று நினைத்தேன். இல்லை. என்னைத் தேற்றுவதற்காகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இப்படி ஒரு ஆளு வீட்ல இருக்காரு, ஒங்களுக்கு என்னக்கா பயம்? ஒரு தடவ மூடுபனியில வழி தெரியாம அழுதுகிட்டு நின்ன வெள்ளைக்காரப் பொண்ண, உச்சியிலேர்ந்து கூட்டிட்டு எறங்கினாராமே. அத அவரு சொல்லும்போது எங்க எல்லாருக்கும் மயிர் கூச்செறிஞ்சிருச்சி."

அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு இறங்கியவள் நான். என் குரலைத் தொடர்ந்தபடி பின்னால் வந்தாள். இரண்டு அடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. சரிவின் ஓரமாக நட்டிருந்த கழிகளை ஒவ்வொன்றாகத் தடவித் தடவி இறங்கினோம். அடிவாரத்தில் செல்வத்தைக் கண்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்று அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்று விடாமல் சொல்லியிருக்கிறேன் போல.

"அது நான்" என்றேன்.

"எது, அக்கா?"

"ஸ்கீ போனது நான். எட்டு வருஷம். அந்தப் பொண்ண எறக்கிக் கூட்டியாந்ததும் நான்தான்."

லோகா என்னைப் பார்த்தாள். கழுத்துப்பட்டிக்குள் பனி, ஒரு கையுறை கழன்று கிடக்கிறது, பலகை கோணலாகக் கிடக்கிறது. அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. "ஆமாவாக்கா?" என்று குழந்தைக்குச் சொல்வதுபோல் மெதுவாகச் சொல்லி, கையுறையை எடுத்துத் தட்டிக் கொடுத்தாள். "சரி, இன்னொரு வாட்டி நிக்கலாமா?"

வாடகைக்கு ஸ்கீ இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. சிறுபிள்ளைகள் அளவில் இரண்டு ஜோடி.

அந்த நேரத்தில் செல்வம் மேலேயிருந்து இறங்கி வந்தார். உண்மையைச் சொல்ல வேண்டும், நன்றாகவே வந்தார். அகலமாக வளைந்து, பனியைச் சீவி எறிந்து, எங்கள் எதிரில் அழகாக நிறுத்தினார். நண்பர்களும் பின்னால் வந்து சேர்ந்தார்கள்.

"பயப்படாத வாணி. நா இருக்கேன்ல?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிக் கையை நீட்டினார்.

நான் கையைப் பிடித்து எழுந்தேன். வேறு வழியில்லை, பலகையைக் காலில் கட்டிக்கொண்டு தானாக எழ எனக்கு இன்னும் வரவில்லை.

மீதி நேரத்தையும் விடாமல் முயன்றேன். கோபம் சில இடங்களில் உதவும் என்று நினைத்தேன். குதிகால் விளிம்பில் இங்குமங்குமாக ஒரு பத்து மீட்டர் வழுக்கினேன். லோகா கைதட்டினாள். அடுத்த முறை விழுந்தபோது இடது மணிக்கட்டு மடங்கி வீங்கியது. பதினொன்றரைக்கு வெளியே வந்தோம். கதவைத் தாண்டியதும் மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை.

சிம்பாங் ரெங்கத்தை ஒட்டிய ஓய்வுத் தலத்தில் வண்டியை நிறுத்தினார். தண்ணீர்க் கடையில் பிளாஸ்டிக் பையில் ஐஸ் வாங்கி வந்து என் மணிக்கட்டில் வைத்தார். தனக்கு ஒரு தே தாரிக், நுரைக்க ஆற்றிய பால் தேநீர். கரண்டியால் அதைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

"லோகாகிட்ட எதாச்சும் சொன்னியா?" என்று பிறகு கேட்டார். கரண்டி கோப்பைக்குள் நின்றுவிட்டது.

"சொன்னேன். ஸ்கீ போனவ நான்தான்னு."

"என்னா சொன்னா?"

"நம்பல."

அவர் தோள்கள் இறங்கின. நிம்மதியாக மூச்சு விட்டார். கரண்டி மறுபடியும் சுற்றத் தொடங்கியது. பொய்யைக்கூட நான் விழுங்கியிருப்பேன். அந்த மூச்சை என்னால் மன்னிக்க முடியவில்லை.

"மூடுபனியில நின்ன பொண்ணு பேரு என்னா?" என்று கேட்டேன்.

"பேரெல்லாம் இப்ப யாருக்கு ஞாபகம் இருக்கு?"

"ஹன்னா. வழி பூரா பாடிக்கிட்டே வரச் சொன்னேன், அவ பின்னால வர்றது எனக்குத் தெரியணும்னு. அத சொன்னீங்களா அவங்ககிட்ட?"

பக்கத்து மேசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அங்க எட்டு வருஷமும் நா வாணியோட புருஷன். அவ்ளோதான். அந்த மலையில ஒருத்தனுக்கும் எம்பேரு தெரியாது. கோப்பிய கையில வெச்சிக்கிட்டு ஒனக்காகக் காத்துக்கிட்டு நிப்பேன். இங்க நாலு பேரு என்னைய மதிக்கிறாங்க. அதுல ஒனக்கு என்னா கொறஞ்சி போச்சி?"

அவர் சொன்னதில் பாதி உண்மை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் மனம் ஆறவில்லை. என்ன குறைந்துபோயிற்று என்பதற்கு எனக்குப் பதில் இருந்தது. கரகரக்கும் ஒலிபெருக்கிக்கு நடுவே, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்ல வாயெழவில்லை. ஐஸ் கரைந்து முழங்கை வழியாக வடிந்துகொண்டிருந்தது.

யொங் பெங்கில் விரைவுச்சாலையை விட்டு இறங்கியபோது மழை பிடித்துக்கொண்டது. குயின்ஸ்டவுனை விட்டுக் கிளம்பிய அன்றும் இப்படித்தான் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தோம். விமானம் மேலேறியபோது அந்த மலைகளைப் பார்த்துக்கொண்டே அழுதேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கும் அந்த இடத்தைப் பிரிவது கஷ்டமாக இருக்கிறது என்று அன்று நம்பினேன்.

போக விரும்புகிறவர்களுக்கு: பனி நல்ல பனி. சரிவு ஏறத்தாழ நூறு மீட்டர். மணிக்கட்டுக் காப்பு கேட்டால் தருவார்கள், கேளுங்கள். லோகா பொறுமையாகச் சொல்லித் தருகிறாள். அவள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

வீடு வந்து சேர்ந்து, மணிக்கட்டுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தேன். செல்வம் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டியபடி வந்து எதிரில் நின்றார். குரலில் கோபம் இல்லை, உண்மையான அக்கறைதான் இருந்தது.

"வீக்கம் வத்தினதும் இன்னொரு தடவ வா வாணி. ரெண்டு மூணு தடவ வந்தீன்னா ஒனக்குப் பனி பயம் போயிடும்" என்றார்.

வீட்டில் எங்கள் இருவரைத் தவிர, அவர் சொல்வதைக் கேட்க வேறு யாரும் இல்லை.